10.6 கிலோவும் 1.9 கிலோவும்: ஒருநாள் மலைநடைக்குப் பை கட்டிய பதிவு

ஒரு பை 10.6 கிலோ. பக்கத்தில் இருந்தது 1.9 கிலோ. இரண்டும் ஒரே மலைக்கு, ஒரே நாளுக்குக் கட்டிய பைகள். பெரியது என் அக்கா மகனுடையது, சின்னது அவன் நண்பனுடையது. இருவருக்கும் இதுதான் முதல் மலைநடை. போவதற்குச் சில நாள் முன்னால் பையோடு வரச் சொல்லி, தரையில் போர்வையை விரித்து எல்லாவற்றையும் கொட்டி, சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக எடை போட்டோம். எதை எடுத்தோம், எதை வைத்தோம், ஏன் என்பதை எழுதி வைக்கிறேன்.

எடை போட்டு முடித்ததும் முதலில் கண்ணில் பட்டது இதுதான். பெரிய பையில் எது இல்லையோ, கிட்டத்தட்ட அதெல்லாம்தான் சின்னப் பையிலும் இல்லை. வரைபடம் இல்லை. விசில் இல்லை. காற்றைத் தடுக்கும் ஒழுங்கான மழைச்சட்டை இல்லை. ஈரத்தரையில் உட்கார ஒன்றும் இல்லை. அசைய முடியாமல் கிடந்தால் உடம்பை மூடிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒருவன் 10 கிலோவுக்கு மேல் சுமக்கப் போகிறான், மற்றவன் கை வீசி நடக்கப் போகிறான், ஆனால் மேலே ஏதாவது ஆனால் இருவர் நிலையும் ஒன்றுதான். எவ்வளவு சாமான் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கிலோவில் பதில் எதிர்பார்க்கிறார்கள். கிலோ கடைசியில் வரும் விடை. அதற்கு முன்னால் அந்த நாளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நாள், பிறகு பை

பாதை போக வர 14 கிலோமீட்டர். ஏற்றம் 900 மீட்டர். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் சொல்லிப்போன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்கு அது 2 மணி 48 நிமிடமும் ஒன்றரை மணி நேரமும் சேர்ந்து 4 மணி 18 நிமிடம். நல்ல உடற்தகுதியுள்ளவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம் அது. புதியவர்களோடு போகும்போது அதில் பாதியை நான் கூட்டிக்கொள்வேன். ஆறரை மணி நேரம் என்று வைத்தோம். காலை 7 மணிக்குக் கிளம்பினால் மதியம் 1.30-க்குக் கீழே. சூரியன் மறைவது 6 மணிக்கு.

"அப்போ டார்ச் எதுக்கு மாமா? ஒன்றரைக்கே வந்துடுவோமே" என்றான் அக்கா மகன்.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். உச்சிக்கு 7 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். எங்கள் தாராளக் கணக்கில் நாலேகால் மணி நேரம். அதாவது 11.15 வாக்கில் உச்சியில் இருப்போம். அங்கே ஒருவனுக்குக் கணுக்கால் பிசகுகிறது, கால் ஊன்ற முடியவில்லை, போன் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்னொருவன் கீழே இறங்கி ஆள் கூப்பிட இரண்டு மணி நேரம். அவர்கள் கூடிக் கிளம்பி மேலே வந்து சேர நான்கு மணி நேரம். மணி 5.15. அதன்பிறகுதான் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பிப்பார்கள். ஒரு கல் தடுக்கியதில் ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்து, இருட்டில் இறங்க வேண்டிய நாளாகிவிடுகிறது.

ஒரு பொருளைப் பையில் வைப்பதா வேண்டாமா என்று நான் தீர்மானிப்பது இந்த ஆறு மணி நேரத்தை வைத்துத்தான். "இது தேவைப்படலாமோ" என்று கேட்டால் எல்லாமே தேவைப்படலாம், பை 10 கிலோவைத் தாண்டும். "நன்றாக நடந்தால் எது தேவை" என்று கேட்டால் ஒரு தண்ணீர் பாட்டிலில் நின்றுவிடும். "நகர முடியாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் எது இல்லாமல் சமாளிக்க முடியாது" என்று கேட்டால் பட்டியல் தானாகவே ஒரு அளவுக்கு வந்து நிற்கும்.

அடுத்தது வானிலை. அடிவாரத்தில் பகல் வெப்பநிலை 16 டிகிரி என்று முன்னறிவிப்பு. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 900 மீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி. அப்படியானால் உச்சியில் 10. அங்கே மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் வெறும் தோலில் 6 டிகிரி போலத்தான் உறைக்கும். இது நனையாத உடம்புக்கான கணக்கு. ஏறி வியர்த்த உடம்பு நனைந்த உடம்புதான்.

உட்கார்ந்து பார்த்தோம்

இதை வாயால் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். அதனால் அன்று மாலை, நல்ல காற்று இருந்த நேரத்தில், இருவரையும் அவரவர் பையோடு மாடிப்படி ஏறி இறங்க வைத்தேன். முதுகு முழுக்க வியர்த்து சட்டை ஒட்டிக்கொண்டதும், திறந்த வெளியில் வெறும் சிமென்ட் தரையில் உட்காரச் சொன்னேன். "பையில இருக்கிறதை எது வேணும்னாலும் எடுத்துக்கோங்க. எழுந்து நடக்க மட்டும் கூடாது."

கொஞ்ச நேரம் பேச்சும் கொட்டமுமாக இருந்தது. பிறகு அக்கா மகன் பாஞ்சோவை, அதாவது தலைவழியாகப் போடும் கையில்லாத மழை அங்கியை, எடுத்துப் போட்டான். காற்று அதன் அடியில் புகுந்து தலைக்கு மேல் தூக்கியது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. தடித்த ஸ்வெட்டரை மேலே மாட்டினான், அதன் கண்ணி வழியாகக் காற்று உள்ளே போனது. நண்பன் தன் மெல்லிய விண்ட்சீட்டரை இழுத்து மூடிக்கொண்டான். காற்று நின்றது, ஆனால் உள்ளே சட்டை ஈரம். அரை மணி நேரம் ஆகும்போது இருவருமே சொன்னது முதுகைப் பற்றி இல்லை. "கீழேதான் சில்லுனு ஏறுது" என்றார்கள். சிமென்ட் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

நான் வைத்திருக்கும் மடக்கு ஃபோம் பாயைக் கொடுத்தேன். எடை 50 கிராம், அகலம் ஒரு ஆள் உட்காரும் அளவு. இருவரும் மாறி மாறி அதில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பாயைப் பற்றி அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குள் தராசை வைத்துக்கொண்டு மட்டும் பை கட்டினால் இந்த 50 கிராம் எப்போதும் விடுபட்டுப்போகும். யாருக்கு முதல்முறை பை கட்டிக் கொடுத்தாலும் இந்த உட்காரும் சோதனையைச் செய்யச் சொல்வேன்.

துணி

பெரிய பையில் இரண்டு மாற்று காட்டன் டி-ஷர்ட் (360 கிராம்), ஒரு மாற்று ஜீன்ஸ் (680), ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை ஒன்று (360), அந்த ஸ்வெட்டர் (520), ஒரு ஜோடி சாக்ஸ் (70). "நனைஞ்சா மாத்திக்கலாம்னு எடுத்தேன்" என்றான். நினைப்பு சரி. மாற்றிக்கொண்டதும் அதுவும் நனையும் என்பதுதான் சிக்கல்.

இதற்கும் ஒரு சோதனை செய்தோம். 180 கிராம் காட்டன் டி-ஷர்ட் ஒன்றையும் 130 கிராம் பாலியெஸ்டர் டி-ஷர்ட் ஒன்றையும் வாளியில் முக்கி, ஒரே ஆள் கையால் பிழிந்து, எடை போட்டோம். காட்டன் 410 கிராம். பாலியெஸ்டர் 215. இரண்டையும் மின்விசிறிக்குக் கீழே ஒரே கொடியில் போட்டோம். பாலியெஸ்டர் காய்ந்து எடுத்து மடித்து வைத்த பிறகும் காட்டனின் கைமடிப்பும் கழுத்துப் பட்டையும் ஈரமாகவே இருந்தன. காட்டன் தன் எடையைவிட அதிகமான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீர் ஆவியாகத் தேவையான சூடு உடம்பிலிருந்துதான் போகும். வெயில் நாளில் அது சுகம். 10 டிகிரியில் காற்றில் உட்கார்ந்திருக்கும்போது அது ஆபத்து. ஜீன்ஸ் துணியும் பருத்திதான், இன்னும் தடிப்பு.

இரண்டு டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் வெளியே போயின. ஸ்வெட்டருக்குப் பதிலாக செயற்கை இழை நிரப்பிய ஜாக்கெட் ஒன்று, 400 கிராம். இறகு ஜாக்கெட் இன்னும் லேசு, ஆனால் நனைந்தால் இறகு கட்டி தட்டி வெப்பம் பிடிக்கும் தன்மை போய்விடும். செயற்கை இழை ஈரமானாலும் ஓரளவு தாங்கும். பாஞ்சோவும் (330) குடையும் (290) போய், தலைமூடியுள்ள மழைச்சட்டையும் (360) மழைக்கால்சட்டையும் (270) வந்தன. கையுறையும் காது மூடும் குல்லாவும் சேர்த்து 110 கிராம். இவை இரண்டும் பெரிய பையில் இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விறைத்த விரலால் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. மற்ற எல்லாச் சாமானையும் பயன்படுத்தப்போவது அந்த விரல்கள்தான்.

ஃப்ளீஸ் அப்படியே இருந்தது. சாக்ஸும் இருந்தது.

கயிறு, பெட்டி, கத்தி

520 கிராமுக்கு ஒரு நைலான் கயிறு. "எதுக்குப்பா?" என்றேன். "இழுத்து ஏத்தலாம்ல மாமா." துணி காயப்போடும் தடிமன். ஆளைத் தாங்கும் கயிறு வேறு. அது இருந்தாலும் எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று பழகியிருக்க வேண்டும். நடைபாதையில் போகும் நாளில், கயிறு வேண்டியிருக்கும் இடம் வந்தால் திரும்பி வருவதே சரி. இந்தக் கயிற்றுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. பையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் போகக் கூடாத பக்கம் கால் போகும்.

முதலுதவிப் பெட்டியோடுதான் அதிக நேரம் செலவானது. பிளாஸ்டிக் பெட்டி, மூடி, உள்ளே தட்டு எல்லாம் சேர்த்து 560 கிராம். கிருமிநாசினி திரவம் ஒரு கண்ணாடிக் குப்பி, பெரிய கத்தரிக்கோல், பஞ்சு உருளை ஒன்று, தைலங்கள், விரலுக்கு ஒட்டும் சின்ன பிளாஸ்டர் ஒரு டப்பா. கால் கொப்புளத்துக்கு ஒன்றும் இல்லை. மலைநடையில் மிக அதிகமாக வருவது கொப்புளமும் சுளுக்கும். அவற்றை முதலில் வைத்துக்கொண்டு மீதியைச் சேர்த்தோம்: அகலமான ஒட்டுப்பட்டை, சுளுக்குக்குச் சுற்ற இழுத்தால் நீளும் கட்டுத்துணி ஒன்று, ஒரு முக்கோணக் கட்டுத்துணி, இரத்தம் நிறுத்த மொத்தமான காஸ் துணி, ஒரு ஜோடி ரப்பர் கையுறை, அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகிய வலி மாத்திரை, ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் குளோரின் மாத்திரைகள். ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறையில் 190 கிராம். நண்பனுக்கு எப்போதாவது இழுப்பு வரும் என்பது இந்த வேலையின் நடுவில்தான் தெரிந்தது. அவன் இன்ஹேலர் முதலுதவி உறைக்குள் போகவில்லை. அவன் சட்டைப் பைக்குள், ஜிப் போட்டு.

பலவேலைக் கத்தி 240 கிராம், இடுக்கி எல்லாம் வைத்தது. சின்ன மடக்குக் கத்தி 60 கிராம். ஒருநாள் நடையில் இடுக்கிக்கு என்ன வேலை வரும் என்று யோசித்துப் பார்த்தோம். எதுவும் தோன்றவில்லை.

தண்ணீர்

பையில் மிகக் கனமானது எப்போதும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ, அதைக் குறைக்க வழியில்லை. பாட்டிலைக் குறைக்கலாம். அக்கா மகனிடம் இருந்த இரண்டு எஃகு பாட்டில்களும் காலியாகவே 740 கிராம். அதே அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்கள் 80 கிராம். 660 கிராம் அங்கேயே இறங்கியது. இந்த நாள் முழுக்க நாங்கள் சேர்த்த மழைக்கால்சட்டை, கையுறை, பாய், விசில், வரைபடம் எல்லாம் அந்த 660-க்குள் அடங்கிவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்பதற்கு மணிக்கு அரை லிட்டர் என்பது மிதமான குளிர்ச்சியில் நடப்பவருக்கு நியாயமான தொடக்கக் கணக்கு. வெயிலில், செங்குத்தில் அது போதாது. ஆறரை மணி நேரத்துக்கு மூன்றேகால் லிட்டர். கிளம்பும் முன் அரை லிட்டர் குடித்துவிடுவது, 2 லிட்டர் எடுத்துப்போவது, வழியில் ஓடையில் ஒரு லிட்டர் நிரப்புவது என்று பிரித்தோம். ஓடை வரைபடத்தில் இருக்கிறது என்பது போதாது, இந்தப் பருவத்தில் ஓடுகிறதா என்று அந்தப் பக்கம் அண்மையில் போனவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் மூன்றாவது லிட்டரை விட்டேன். உறுதியாகத் தெரியாவிட்டால் சுமப்பதே மேல். குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில நுண்ணுயிரிகளுக்குக் குளோரின் நம்பகமாக வேலை செய்யாது என்பதால், கால்நடை மேயும் இடத்துக்குக் கீழே தண்ணீர் எடுப்பதில்லை.

சாப்பாட்டை 950-இலிருந்து 650 கிராமாகக் குறைத்தோம். நீர்ச்சத்து நிறைந்த பழங்களையும் டப்பாவையும் எடுத்துவிட்டுக் கொட்டைப்பருப்பும் உலர்பழமும் வைத்ததில் எடை குறைந்தும் சக்தி குறையவில்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4. நகர முடியாமல் உட்காருபவனுக்கு ஒரு கைப்பிடி எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு பொட்டலத்தைத் தனியாகக் கட்டி, ஒட்டுப்பட்டை சுற்றி, பையின் அடியில் போட்டோம்.

விளக்கு, போன், வரைபடம், விசில்

அக்கா மகனின் கைடார்ச் 310 கிராம், பிரமாதமான வெளிச்சம். ஒரு கை அதற்கே போய்விடும். இறங்கும்போது இரண்டு கையும் வேண்டும். அதற்குப் பதில் தலைவிளக்கு, மாற்று செல்களோடு 120 கிராம். பாதையில் நடக்க 200 லூமென் தாராளம். பைக்குள் அழுந்தித் தானாக எரிந்து தீர்ந்துவிடாமல் இருக்க, பூட்டும் வசதி இல்லாத விளக்கில் ஒரு செல்லைத் திருப்பிப் போட்டு வைக்கலாம். மாற்று செல்லுக்கு லித்தியம் வகை நல்லது. ஆல்கலைனைவிட லேசு, குளிரிலும் தளராது.

"போன்லயே டார்ச் இருக்கே அண்ணா" என்றான் நண்பன். அவன் பையில் விளக்கே இல்லை. அதே போன்தான் வரைபடம், அதே போன்தான் கேமரா, அதே போன்தான் உதவிக்கு அழைக்கும் கருவி. எல்லாம் ஒரே பேட்டரியில் தொங்குகிறது. ஏறும்போது போனை விமானப் பயன்முறையில் வைத்தால் சிக்னல் தேடித் தேடி பேட்டரி கரையாது. ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் போதும். குளிரில் போன் உடம்பை ஒட்டிய உள்பையில் இருக்கட்டும். பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு உண்டு. 112 என்ற அவசர எண் பல நாடுகளில் செயல்படுகிறது. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 400 கிராம். ஒருநாளுக்கு அதில் பாதி போதும். 10,000 எம்.ஏ.எச். கம்பியோடு 220.

காகித வரைபடமும் காம்பஸும் நீர்புகா உறையோடு 100 கிராம். காம்பஸ் பார்க்கத் தெரியாமல் காம்பஸ் எடுத்துப்போவதில் பயன் இல்லை, அதனால் அன்றே வரைபடத்தை வடக்குக்குத் திருப்பி வைக்கும் அளவுக்காவது இருவருக்கும் சொல்லிக் கொடுத்தேன். இதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவிடலாம், செலவிட வேண்டும்.

விசில் 10 கிராம். கத்தினால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும், விசில் ஊத மூச்சு மட்டும் போதும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை. இது ஐரோப்பிய மலைகளில் வழக்கமான ஆபத்துக் குறி. பதில் மூன்று ஊதல். வட அமெரிக்காவில் ஆபத்துக் குறியே மூன்றுதான். இருட்டில் இதையே விளக்கை அணைத்து எரித்துக் காட்டலாம். விசிலைப் பைக்குள் போடக் கூடாது, தோள்பட்டையில் கட்ட வேண்டும். பை உருண்டு போனாலும் ஆளோடு இருக்க வேண்டிய பொருள் அது என்றால், கழுத்தில் மாட்டுவது இன்னும் மேல்.

கடைசிப் பை

உட்காரும் சோதனைக்கு நேரடி விடை, ஆள் நுழையும் அளவுள்ள தடித்த பாலித்தீன் உயிர்காப்புப் பை. 280 கிராம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஈர உடைமேல் ஜாக்கெட்டைப் போட்டு, பாயைக் கீழே வைத்து, காலை இதற்குள் விட்டு, தோள்வரை இழுத்துக்கொண்டால் காற்றும் மழையும் உடம்பைத் தொடாது. தலையையும் முகத்தையும் மூடக் கூடாது, மூச்சு விடப் பையின் வாய் திறந்திருக்க வேண்டும். 60 கிராம் பளபளப்புப் போர்வை போதாதா என்று கேட்டார்கள். நாசா 1964-இல் விண்வெளிப் பணிக்காக உருவாக்கிய பொருளிலிருந்து வந்தது அது. உடம்பிலிருந்து கதிராகப் போகும் வெப்பத்தைத் திருப்பும். மலையில் உடம்புச் சூட்டை அதிகம் கொண்டுபோவது காற்றும் ஈரமும் தரையும். காற்றில் அது படபடத்துக் கிழியும். ஓட்டப்பந்தயம் முடிந்த இடத்தில் நன்றாக உதவும், திறந்த முகட்டில் என் நம்பிக்கை பாலித்தீன் பைமேல்தான்.

சியாட்டிலைச் சேர்ந்த 'தி மவுண்டனியர்ஸ்' மலையேற்றச் சங்கம் 1930-களில் வகுத்த பத்து அத்தியாவசியப் பொருட்களின் பட்டியல் ஒன்று உண்டு. எங்கள் வேலை முடிந்த பிறகு அதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். திசையறிதல், விளக்கு, கூடுதல் உடை, கூடுதல் உணவு, முதலுதவி, கத்தி எல்லாம் இருந்தன. வெயில் காப்பு விடுபட்டிருந்தது, அது அவரவர் முகத்திலும் தலையிலும் போகும் என்பதால் தராசில் ஏறவில்லை. தீக்குச்சியும் பட்டியலில் உண்டு, காய்ந்த புல் நிறைந்த மலைக்கு நான் வேண்டாம் என்று விட்டேன்.

கூட்டல்

45 லிட்டர் பையே காலியாக 1,650 கிராம் இருந்தது. சாமான் குறைந்ததும் 28 லிட்டர் போதுமானது, அது 840. முதலிலேயே சின்னப் பை எடுத்து அதற்குள் அடக்கப் பார்த்திருந்தால் நல்ல பொருள்கள்தான் வெளியே போயிருக்கும். சாமானை முடிவுசெய்த பிறகே பையை முடிவுசெய்ய வேண்டும்.

அக்கா மகனின் கேமரா 640 கிராம். நான் அதைத் தொடவில்லை. "இதை வெச்சுட்டு வரட்டுமா மாமா?" என்று அவனே கேட்டான். அவன் மலைக்கு வருவதே அதற்காகத்தான், அதை வீட்டில் வைத்துவிட்டு 640 கிராம் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறான்? ஆசைக்கென்று ஒரு பொருள் எல்லோர் பையிலும் இருக்கலாம். ஒன்று.

எல்லாம் சேர்த்து 6.85 கிலோ. பத்துக்கும் மேற்பட்ட புதுப்பொருள் சேர்ந்த பிறகு, 3.77 கிலோ குறைவு. நண்பனின் பை 1.9-இலிருந்து 5.16-ஆக ஏறியது. அவனுடைய 450 கிராம் பையே போதுமானதாக இருந்தது. விண்ட்சீட்டரை விட்டு மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, ஃப்ளீஸ், ஜாக்கெட், இரண்டாவது லிட்டர், விளக்கு, விசில், பாய், உயிர்காப்புப் பை. இத்தனை எதற்கு என்று முகம் கொஞ்சம் சுருங்கியது. உட்காரும் சோதனை செய்திராவிட்டால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டான்.

அவன் கேட்ட ஒரு நல்ல கேள்வி: "மூணு பேர் போறோம், பகிர்ந்துக்கக் கூடாதா?" முதலுதவி உறை, பவர் பேங்க், கத்தி, காம்பஸ் ஆகியவற்றைப் பகிர்ந்தோம். அவை அவன் பையில் ஏறவில்லை. விளக்கு, மழைச்சட்டை, சூடான உடை, விசில், உயிர்காப்புப் பை, தண்ணீர் ஆகியவற்றைப் பகிரவில்லை. ஆபத்து வரும்போது கூட்டம் சேர்ந்தே இருக்கும் என்பது நிச்சயமில்லை. ஒருவன் கீழே ஓடும்போது பகிர்ந்த பொருள் யாரோடு போகும்?

காலணி பற்றி ஒன்று. பாதத்தில் கட்டிய எடை, அதே எடையை முதுகில் சுமப்பதைவிட நான்கிலிருந்து ஆறு மடங்கு சக்தியைத் தின்னும். அக்கா மகன் வாங்க நினைத்த பூட்ஸ் ஜோடி ஒன்றரை கிலோ, ஏற்கெனவே போட்டுப் பழகிய நல்ல பிடிப்புள்ள ஷூ 800 கிராம். 700 கிராம் வித்தியாசம் முதுகில் 3 கிலோவுக்குச் சமம். பழகிய ஷூவே போகட்டும் என்றேன்.

அடுக்கியதும் போனதும்

பைக்குள் முதலில் பெரிய தடித்த பிளாஸ்டிக் உறை (40 கிராம்). வெளியே போடும் மழைமூடி காற்றில் கழன்றுவிடும், முதுகுப்பக்கம் நனைவதைத் தடுக்கவும் செய்யாது. அடியில் உயிர்காப்புப் பையும் அவசரப் பொட்டலமும். முதுகை ஒட்டித் தண்ணீர். நடுவில் ஜாக்கெட். எல்லாவற்றுக்கும் மேலே மழைச்சட்டை, கையுறை, குல்லா. மேல் ஜிப்பில் விளக்கு. கண்ணை மூடிக்கொண்டு விளக்கை எடுக்கச் சொன்னேன், இருவரும் எடுத்தார்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணிக்குள் வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தோம்.

அன்று உச்சிக்குக் கொஞ்சம் கீழே மேகம் இறங்கியது. காற்று ஏற ஆரம்பித்ததும் மூவரும் நின்று, பையைத் தரையில் வைத்து, மழைச்சட்டையை மாட்டி மறுபடி தோளில் போட்டோம். யாரும் எதையும் தேடித் துழாவவில்லை. உச்சியில் பாயைப் போட்டு ஜாக்கெட்டோடு உட்கார்ந்து சாப்பிட்டோம். மேகம் விலகும்வரை காத்திருந்து அக்கா மகன் படம் எடுத்தான், அந்தக் காத்திருப்புக்கு எங்களிடம் உடையும் நேரமும் இருந்தன. ஓடை ஓடிக்கொண்டிருந்தது. கீழே வந்தபோது மணி 2.10.

திரும்பி வந்ததும் மறுபடியும் போர்வையை விரித்தோம். தொட்டது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம். தொடாததில் மாற்று சாக்ஸ், கத்தி, பவர் பேங்க், முதலுதவி உறை, விளக்கு, விசில், உயிர்காப்புப் பை, அவசரப் பொட்டலம். "இதையெல்லாம் அடுத்த தடவை விட்டுடலாமா மாமா?" என்று அவன் கேட்கவில்லை, அவனே பிரித்தான். ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் வேண்டியவை திரும்பப் பைக்குள். கத்தி வெளியே, கட்டுத்துணி வெட்ட ஒரு சின்னக் கத்தரிக்கோல் முதலுதவி உறைக்குள். சாப்பாட்டில் 150 கிராம் மிஞ்சியதைக் குறித்துக்கொண்டான். மழைக்கால்சட்டை போடவே இல்லை என்றாலும் விட மறுத்தான். நண்பன் ஓடைத் தண்ணீரை நம்பாமல் இருமுறை முகர்ந்து பார்த்தவன், அடுத்த நடைக்கு ஒரு சின்ன நீர்வடிகட்டி வாங்கப் போகிறான். 0.1 மைக்ரான் துளை உள்ளதைப் பார்க்கச் சொன்னேன், பாக்டீரியாவும் கிரிப்டோஸ்போரிடியமும் அதில் நிற்கும், வைரஸ் நிற்காது. மனிதக் குடியிருப்புக்குக் கீழே எடுக்கும் தண்ணீருக்கு வடிகட்டிய பிறகும் குளோரின் மாத்திரை வேண்டும்.